கால்சியம் மாத்திரையை நிறுத்தினேன், கை இழுக்கிறது: மெஷின் கோளாறா டாக்டர்?

சிங்கப்பூர் யீஷூனில் இருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கையால் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை மகன் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மாமியார் கடைசி ஆறு வருடம் மறதி நோயோடு அவர்கள் வீட்டிலேயே இருந்து போன வருடம் காலமானார். பெற்ற மகனைப் பார்த்து "யாருப்பா நீ?" என்று கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நம் வாசகி. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நரம்புச் செல்லுக்குள் கால்சியம் நிறைந்தால் செல் செத்துவிடும், மறதி நோய்க்கும் பார்க்கின்சன் நோய்க்கும் அதுதான் வேர், கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மூளைக்குத் தாங்களே சிமெண்ட் பூசிக்கொள்கிறார்கள் என்று அதில் ஒருவர் படம் போட்டு விளக்கினாராம். அன்றைக்கே கால்சியம் மாத்திரையையும், அதோடு போட்டுவந்த "ஒரு சின்ன வைட்டமின் டி"யையும் நிறுத்திவிட்டார். கணவர் பிரஷருக்குப் போடும் அம்லோடிபின், கால்சியத்தைத் தடுக்கிற மாத்திரை என்று பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் சொல்லவும், அது கணவரின் எலும்பைக் கரைத்துவிடுமோ என்று ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுத்துக் கொடுக்கிறார். போதாக்குறைக்கு, நாத்தனார் விற்கும் "செல் கால்சியம் சுத்திகரிப்பு" பாட்டில் ஒன்று 168 வெள்ளிக்கு வாங்கி, இன்னும் சீல் உடைக்காமல் வைத்திருக்கிறார்.

கேள்விகள் மூன்று. மாத்திரையில் உள்ள கால்சியம் மூளைச் செல்லுக்குள் போய்ச் சேருமா? கணவரின் மாத்திரை மூளையைக் காக்குமா கெடுக்குமா, காக்கும் என்றால் தானும் போடலாமா? பாட்டிலைத் திறக்கலாமா?

கடைசிப் பக்கத்தில், சும்மா சொல்லிவைப்பதுபோல், ஒரு பத்தி. ஒன்பது வருடத்துக்கு முன் தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. மூன்று வாரமாக உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு பிரஷர் மெஷின் எரர் காட்டிக்கொண்டே இருந்ததால் பட்டையைக் கழற்றாமல் நாலைந்து தடவை அடுத்தடுத்துப் போட்டதில், விரல்கள் ஒன்றாகக் கூம்பி மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொண்டது, கழற்றினதும் சரியாகிவிட்டது. "மெஷின் பழசு டாக்டர், புதுசு எது நல்லது?"

மெஷினில் கோளாறு இல்லை

அம்மா, அந்தப் பத்தியைப் படித்ததும் நான் இந்தப் பதிலை எழுத உட்காரவில்லை. மெயிலில் இரண்டே வரி அனுப்பினேன்: இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், "தைராய்டு முழுசாக எடுத்தாகிவிட்டது, கால்சியத்தை நிறுத்திவிட்டேன், கை இழுக்கிறது" என்று பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லுங்கள். நீங்களும் போனீர்கள். ரத்தத்தில் கால்சியம் 1.78 மில்லிமோல், இருக்க வேண்டியது ஏறத்தாழ 2.1 முதல் 2.6 வரை. ஈசிஜி எடுத்து, நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே உதட்டில் ஊர்ந்த எறும்பு நின்றுவிட்டது என்று மகன் எழுதியிருந்தார். ஆகவே இப்போது நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கை செய்ததற்கு 150 வருடத்துக்கும் மேலாக ஒரு பெயர் இருக்கிறது: ட்ரூசோ அறிகுறி. அர்மான் ட்ரூசோ என்ற பிரெஞ்சு டாக்டர் 1861-ல் எழுதிவைத்தது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தவரின் கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்கு இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால், கட்டைவிரல் உள்ளே மடங்கி மற்ற விரல்கள் நீண்டு கூம்பும். பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம், நேரில் பார்ப்பது அபூர்வம். நீங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து உங்களுக்கே அந்தச் சோதனையைச் செய்துகொண்டு, மெஷினைத் திட்டியிருக்கிறீர்கள்.

தைராய்டுக்கும் இதற்கும் நிறையவே சம்பந்தம் உண்டு. தைராய்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பாராதைராய்டு என்று நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. பெயரில்தான் தைராய்டு, வேலை வேறு: ரத்தத்தில் கால்சியம் சற்று இறங்கினாலும் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, சிறுநீரில் போவதைப் பிடித்து, வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, சரிக்கட்டுவது அவைதான். தைராய்டு ஆபரேஷனில் அவற்றுக்கு அடிபடுவது நடக்கிற விஷயம், யாருடைய தப்பாகவும் இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஒன்றோ இரண்டோ அரைகுறையாக வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும், அதனால்தான் மாத்திரையை நிறுத்திய பிறகும் இத்தனை வாரம் தாக்குப்பிடித்தது. எலும்புக்காகத்தான் கால்சியம் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். "சின்ன வைட்டமின் டி" என்றீர்களே, அதன் பெயரை மகன் அனுப்பினார். அது பேரங்காடியில் வாங்கும் வைட்டமின் இல்லை, பாராதைராய்டு செய்ய வேண்டிய வேலையை அதன் இடத்தில் நின்று செய்கிற மருந்து. ஒன்பது வருடத்தில் இதை யாராவது உங்களை உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கியிருந்தால் வாட்ஸ்அப் பெரியவரிடம் நீங்கள் போயிருக்கவே மாட்டீர்கள்.

வீடியோ பாதி சரி, அதுதான் ஆபத்து

வீடியோவில் வந்தவர் முழுப் பொய் சொல்லவில்லை. நரம்புச் செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி நின்றுவிட்டால் செல் சாகும், உண்மை. அது எங்கிருந்து, எப்போது, ஏன் நிற்கிறது என்பதில்தான் அவர் கதை கட்டிவிட்டார்.

செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில், புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் கால்சியம் லிட்டருக்கு சுமார் 1.2 மில்லிமோல். செல்லுக்குள்ளே, அது சும்மா இருக்கும்போது, சுமார் 0.0001 மில்லிமோல். வெளியே பன்னிரண்டாயிரம் பேர் முண்டியடித்துக்கொண்டு நிற்க, உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருக்கும் சுவர், அதாவது செல்லின் சவ்வு, மெலிசான கொழுப்புப் படலம்தான். இந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கை நீங்கள் தூங்கும்போதும், நாசி லெமாக் சாப்பிடும்போதும், வீடியோ பார்த்துப் பயப்படும்போதும் ஒவ்வொரு நரம்புச் செல்லும் விடாமல் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? செல்லின் எரிபொருளான ஏடிபியில் பாஸ்பேட் இருக்கிறது, செல் முழுக்கப் பாஸ்பேட் புழங்குகிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாகச் சேர்ந்தால் கல்லாக இறங்கிவிடும், எலும்பே அப்படிச் செய்ததுதான். அதைவிடச் சுவாரசியமான காரணம் இன்னொன்று. உள்ளே அமைதியாக இருந்தால்தான் கால்சியத்தை ஒரு சேதியாகப் பயன்படுத்த முடியும். அமைதியான வீட்டில் கதவைத் தட்டினால் கேட்கும், தேக்கா மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கடை முன்னால் தட்டிப் பாருங்கள்.

நரம்பின் நுனிக்கு மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கும். வாயிலை ஒட்டிய துளியூண்டு இடத்தில் மட்டும் கால்சியம் நூறு மடங்குக்கும் மேல் எகிறும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அங்கே காத்திருக்கும் பைகள் வெடித்து, அடுத்த செல்லுக்கான ரசாயனம் கொட்டும். நீங்கள் இந்த வரியைப் படிப்பதே அப்படித்தான் நடக்கிறது. இந்த வெளியேற்றம் எப்படி நடக்கிறது என்று கண்டதில் பெரும்பங்கு பெர்னார்ட் காட்ஸுடையது, 1970-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பைகளில் கால்சியத்தை உணரும் புரதத்தைத் துருவியவர் தாமஸ் சூடாஃப், அவருக்கு 2013-ல். மாணவனாக இருந்தபோது ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்தேன். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயம் ஏற்றிய எலி நரம்புச் செல், இருட்டில் மங்கலாகக் கிடந்தது. சின்னதாக ஒரு மின்சாரத் தட்டு கொடுத்ததும் பளிச்சென்று பச்சையாக மின்னி, நான் மூச்சு விடுவதற்குள் அணைந்துபோனது. மின்னினதைவிட அந்த அணைதல்தான் என்னை உட்காரவைத்தது. அவ்வளவு வேகமாக யார் துடைத்துவிடுகிறார்கள்?

நமக்கு இதைப் புரிந்துகொள்ள மரினா அணைக்கட்டு இருக்கிறது. 2008-ல் திறந்தார்கள், கடலை வெளியே நிறுத்த ஒன்பது கதவு, மழை கொட்டும்போது கடல் மட்டமும் ஏறியிருந்தால் உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ள ஏழு ராட்சத பம்ப். செல்லிலும் கதவு உண்டு, பம்ப் உண்டு. ஒரே வித்தியாசம், அணைக்கட்டில் கதவு திறந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே போகும், செல்லில் திறந்தால் வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாயும். உள்ளே வந்ததை அப்புறப்படுத்தச் செல்லுக்கு நாலைந்து வழிகள். முதலில், கால்பிண்டின், பார்வால்புமின் போன்ற புரதங்கள் வந்த கால்சியத்தைப் பஞ்சுபோல் ஒற்றிக்கொள்ளும். இது துடைப்பதில்லை, தற்காலிகமாகப் பிடித்துவைப்பதுதான். சவ்வில் இருக்கும் ஒரு பம்ப், ஒரு ஏடிபியைச் செலவழித்து ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும், மெதுவானது, ஆனால் கடைசித் துளிவரை விடாது. பக்கத்திலேயே ஒரு பரிமாற்றி, மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்பும். கூட்டம் அதிகமாக இருக்கும்போது இதுதான் கைகொடுக்கும். செல்லுக்குள் வலைபோல் பரவியிருக்கும் கிடங்கு ஒன்று உண்டு, அதன் பம்ப் ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியத்தை உள்ளிழுத்துச் சேமிக்கும், வேண்டும்போது அதே கிடங்கிலிருந்து திறந்துவிடவும் செய்யும். ரொம்பவும் மிஞ்சிப்போனால், செல்லுக்கு ஏடிபி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் எரிபொருளில் ஓடுகிறது. பரிமாற்றிக்கு நேரடியாக ஏடிபி வேண்டாம் என்றாலும், அது நம்பியிருக்கும் சோடியம் இறக்கத்தை, அதாவது வெளியே அதிகம் உள்ளே குறைவு என்ற நிலையை, உண்டாக்கிவைக்க இன்னொரு பம்ப் ஏடிபியைத் தின்றுகொண்டே இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, நாம் இழுக்கும் பிராணவாயுவில் 20 சதவீதம் அதற்கே போகிறது என்றால், அதில் பெரிய பங்கு இப்படி வாசல் காப்பதற்குத்தான்.

இப்போது வீடியோவின் மற்ற பாதி. பக்கவாதம் வந்து ரத்தக்குழாய் அடைத்தால் என்ன ஆகிறது? எரிபொருள் நிற்கிறது, பம்புகள் நிற்கின்றன, சோடியம் உள்ளே ஏறி அந்தப் பரிமாற்றியே திசைமாறி ஓடுகிறது, குளூட்டமேட் என்ற ரசாயனம் கொட்டி வேறு வாயில்களையும் திறந்துவிடுகிறது, கால்சியம் வெள்ளமாகப் புகுந்து செல்லைச் செரிக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் போகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. வீடியோ காட்டிய சாவு இதுதான். இங்கே கடல் திடீரென்று உப்பாகிவிடவில்லை அம்மா, பம்புக்குக் கரண்ட் போய்விட்டது. நீங்கள் சாப்பிடும் மாத்திரையும், கேழ்வரகுக் களியும், நெத்திலிப் பொரியலும் கடலில் ஒரு குவளை.

அந்தக் குவளைகூட நேராக மூளைக்குப் போவதில்லை. குடல் ஒரு பகுதியைத்தான் உறிஞ்சும், மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு ரத்தக் கால்சியத்தின் சில்லறை ஏற்ற இறக்கத்தை மூளைநீருக்கு விடாது. மறதி நோயிலும் பார்க்கின்சனிலும் செல்லின் கால்சியக் காவல் தளர்ந்துபோகிறது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன, ஆய்வாளர்கள் பல வருடமாகத் துருவுகிறார்கள், நானும் மறுக்கவில்லை. தளர்வது காவல். தட்டில் வைக்கும் கால்சியத்தைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

"அப்படியானால் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் அதிகம் என்று ஆராய்ச்சி சொல்கிறதே?" என்று அந்த வீடியோவிலேயே ஒரு வரி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்வீடனில் 2016-ல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது, 700 வயதான பெண்கள், அவர்களில் கால்சியம் மாத்திரை எடுத்தவர்கள் 98 பேர்தான். ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்களிடம்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. கவனித்துப் பார்த்த ஆய்வு, யாருக்கு மாத்திரை என்று சீட்டுப் போட்டுப் பிரித்தது இல்லை. அப்படிப் பிரித்து ஐந்து வருடம் தினமும் 1,200 மில்லிகிராம் கொடுத்த மேற்கு ஆஸ்திரேலியச் சோதனையில் 1,460 பெண்களின் பதிவுகளைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது மறதி நோய் கூடியிருக்கவில்லை. பக்கவாதம் வந்தவர் என்றால் டாக்டரோடு பேசி முடிவெடுப்பது நியாயம். உங்களுக்கு வந்ததில்லை, உங்களுக்குக் கால்சியம் விருப்பத்துக்குச் சாப்பிடும் சத்து மாத்திரையும் இல்லை.

வெளியே நிற்கும் கால்சியமும் காவல்தான்

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கை கேட்டது. உள்ளே கால்சியம் புகுந்தால்தானே நரம்பு வேலை செய்யும், வெளியே குறைந்தால் நரம்பு சோர்ந்துபோக வேண்டும், எதற்கு இழுக்கிறது? வெளியே இருக்கும் கால்சியம் செல் சவ்வின் மேல் ஒட்டி நின்று, சோடியம் வாயில்களைச் சட்டென்று திறக்கவிடாமல் அடக்கிவைக்கிறது. அது குறைந்தால் நரம்பு ஒன்றுமில்லாததுக்கெல்லாம் துள்ளும். உதடு, விரல் நுனி, கெண்டைக்கால் என்று வரிசையாக வரும். கவனிக்காமல் விட்டால் குரல்வளை இறுகலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், ஈசிஜி எடுத்தது அதற்குத்தான்.

இதயம் என்றதும் ஒரு பழைய கதை. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், மணிக்கணக்கில் நன்றாகத் துடித்தது. விசாரித்தால், உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைத்திருக்கிறார். சுத்தமான நீரில் கரைத்ததும் இதயம் நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்தது கால்சியம். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் தொங்கியிருக்கக்கூடிய 'ரிங்கர்' பாட்டில் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசப்பாக இருக்கும். பாராதைராய்டு வேலை செய்யாமல் வருடக்கணக்கில் சரியான சிகிச்சை இல்லாமல் இருந்தவர்களை ஸ்கேன் செய்தால், மூளையின் அடிப்பகுதியில் உள்ள முடிச்சுகளில் கால்சியம் படிந்திருப்பதைப் பார்க்கலாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்து, பாஸ்பேட் ஏறிப்போவதால் வருகிறது. மூளையில் சிமெண்ட் பூசாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் எதை நிறுத்தினீர்களோ, உங்களைப் போன்றவர்களுக்கு அதை நிறுத்தினால்தான் அந்தச் சிமெண்ட். மூன்று மாதத்தில் அது வராது, பயப்பட வேண்டாம்.

கணவரின் மாத்திரை

அம்லோடிபினுக்குக் 'கால்சியம் தடுப்பான்' என்று பெயர் வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும். அது ரத்தக் கால்சியத்தைக் குறைக்காது, எலும்பைத் தொடாது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்களின் ஒரு வகைக் கால்சியம் வாயிலை மட்டும் இறுக்குகிறது, தசை தளர்கிறது, பிரஷர் இறங்குகிறது, சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது. உங்கள் கால்சியம் மாத்திரையும் அவருடைய அம்லோடிபினும் ஒரே டப்பாவில் சண்டை போடாமல் இருக்கலாம்.

மகன் சொன்னதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது, அவரைத் திட்டாதீர்கள். இந்த வாயில்களை அடைத்தால் மூளைச் செல் தப்பிக்குமா என்று பெரியவர்களும் யோசித்தார்கள். பார்க்கின்சன் தொடக்க நிலையில் இருந்த 336 பேருக்கு இதே குடும்பத்து இஸ்ரடிபினை மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-ல் முடிவு வந்தது, நோய் மெதுவாகவில்லை. மறதி நோய்க்கு நில்வடிபினைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பியச் சோதனையும் 2018-ல் கைவிரித்தது. ஆகவே நீங்கள் அவர் மாத்திரையில் கை வைக்க வேண்டாம். பிரஷர் இல்லாத உங்களுக்குத் தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அது வேறு கதை. இதே போன்ற வாயில்களைக் குறிவைக்கும் மருந்துகள் சில வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் அவை வேறு மருந்து, வேறு வாயில்.

கணவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். மூளையைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்தீர்கள்? நடுவயதிலிருந்து பிரஷர் ஏறியே இருப்பது பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் நன்கு நிரூபிக்கப்பட்ட காரணம். இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டு ஈடுகட்ட வேண்டாம், நாளைக் காலை வழக்கமான ஒன்று, அவ்வளவுதான். பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை போகும்போது "இவ்வளவு நாள் பாதிதான் சாப்பிட்டார்" என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், பிரஷர் அடங்கவில்லை என்று டோஸை ஏற்றிவிடுவார்கள்.

இனி மாத்திரை எப்போது

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அளவை நான் மாற்றப்போவதில்லை, நேரத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் "எல்லாத்தையும் காலையில் ஒரே வாயில் போட்டுவிடுவேன்" என்று இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையை வெறும் வயிற்றில் விடிகாலையில் தண்ணீரோடு போடுங்கள். கால்சியத்தை அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், சேர்த்துப் போட்டால் கால்சியம் அந்த ஹார்மோனைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். உங்களுடையது கால்சியம் கார்பனேட், அது சாப்பாட்டோடுதான் நன்றாகச் சேரும். ஒரேயடியாகப் போடாமல், மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாதிரி ஏதாவது தொடர்ந்து போட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், கார்பனேட் சேராமல் போகும், மெக்னீசியமும் குறையலாம், மெக்னீசியம் குறைந்தால் கால்சியம் எழும்பாது.

அதிகமானாலும் கெடுதல்தான், அதை மறைக்க மாட்டேன். பாராதைராய்டு இல்லாதவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் நிறையப் போகும், கல் வரலாம். அதனால்தான் டாக்டர்கள் ரத்த அளவைச் சாதாரண வரம்பின் கீழ்ப்பக்கமாகவே வைத்திருக்கப் பார்ப்பார்கள், அவ்வப்போது ரத்தமும் சிறுநீரும் சோதிப்பார்கள். "ஏன் குறைவாக வைத்திருக்கிறார்கள்" என்று நீங்களே மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். மலச்சிக்கல், அடிக்கடி தாகம், காரணமில்லாத மந்தம் என்றால் அளவு ஏறியிருக்கலாம். உதட்டில் எறும்பு திரும்ப வந்தால் இறங்கியிருக்கலாம், அன்றே ரத்தம் பாருங்கள். மூச்சு இறுகினாலோ, வலிப்பு வந்தாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ ஆம்புலன்சுக்கு 995, டாக்ஸி பிடிக்க இறங்காதீர்கள்.

ரத்த முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் நீங்களே பார்க்கலாம், மகனைத் தொலைபேசியில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி கொடுத்த சுருக்கத்தை ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வையுங்கள். "எனக்கு எதற்காக இந்த மாத்திரை, நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று டாக்டரையும் மருந்தாளரையும் கேட்பது உங்கள் உரிமை, பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

168 வெள்ளி

சீல் உடைக்காமல் வைத்திருப்பதால் திருப்பிக் கொடுத்துவிடலாம். செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தை வாய்வழி மாத்திரையால் "சுத்தம்" செய்ய வழியில்லை, அந்த வேலையை உங்கள் பம்புகள் நொடிக்கு நொடி இலவசமாகச் செய்கின்றன. அட்டையில் சிங்கப்பூரில் விற்கப்படுகிறது என்று போட்டிருப்பதை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்து மாத்திரைகளை விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதிப்பதில்லை, பாதுகாப்பானதாகவும் தரமாகவும் இருக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள், நான் அவர் வீட்டு விசேஷத்துக்கு வரப்போவதில்லை.

மாமியாருக்கு வந்தது உங்களுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் இவ்வளவுக்கும் அடியில் இருக்கிறது. அவர் உங்கள் கணவரின் அம்மா, ரத்த வழியில் உங்களுக்கு எதுவும் வரவில்லை. நான்கு பக்கம் தேதி, மாத்திரை நிறம், மெஷின் எண் என்று ஒன்று விடாமல் எழுதியவருக்கு மறதி என்று இப்போதைக்கு நான் சந்தேகப்பட மாட்டேன். மனம் கேட்கவில்லை என்றால் கால்சியம் சரியாகிச் சில மாதம் கழித்து ஞாபகச் சோதனை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதே வேண்டாம், கால்சியம் இறங்கியிருக்கும்போது யாருக்கும் தலை தெளிவாக இருக்காது.

பிரஷர் மெஷின்: புதுசு வாங்க வேண்டாம். பேட்டரியை மாற்றுங்கள், பட்டை கையைச் சுற்றிச் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், போடும்போது பேசாமல் இருங்கள், எரர் பெரும்பாலும் அதில்தான் வரும். இரண்டு முறைக்கு நடுவில் பட்டையைத் தளர்த்தி ஓரிரு நிமிடம் விடுங்கள். இந்த மாதம் காலையும் மாலையும் கணவருக்குப் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள், உங்கள் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.